முயல் வளர்க்க உரிமம் தேவையில்லை... அதனால் அது சுலபமா?

நாய் வளர்க்க உரிமம் வேண்டும். பூனைக்கும் இப்போது உரிமம் வேண்டும். முயலுக்கு?

எதுவும் வேண்டாம். கடைக்குப் போகலாம், பிடித்த குட்டியைக் கையில் எடுக்கலாம், காசைக் கட்டிவிட்டு அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

"நாயின்னா குரைக்கும், வாக்கிங் கூட்டிட்டுப் போகணும். முயல்தானே... ஒரு மூலைல சத்தமில்லாம இருக்கும்!"

செல்லப்பிராணி வேண்டுமென்று அடம்பிடிக்கும் பிள்ளைகளும் விட்டுக்கொடுக்கும் பெற்றோரும் பல வீடுகளில் இந்த இடத்தில்தான் சமாதானம் ஆகிறார்கள். சட்டம் எளிது என்பதால் வளர்ப்பதும் எளிது என்று நினைத்துவிடுகிறோம். முதன்முறை முயல் வளர்ப்போர் சறுக்குவதும் இங்கேதான். முயலைக் கொண்டுவருவது மிகச் சுலபம், அதை நலமாக வைத்திருப்பது அவ்வளவு சுலபமில்லை.

ஏன் என்று பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் எந்தெந்த விலங்குகளை வீட்டில் வளர்க்கலாம் என்பதற்குப் பட்டியல் உண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு அதைக் கவனித்துக்கொள்கிறது. நாய், பூனை, வெள்ளெலி, கினி பன்றி ஆகியவற்றோடு முயலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வீவக வீடுகளிலும் முயல் வளர்க்கலாம்.

பூனையின் கதை வேறு. 1989 முதல் வீவக வீடுகளில் பூனைக்கு அனுமதி இல்லை. 2024 செப்டம்பர் 1ஆம் தேதிதான் அந்தத் தடை நீங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஆனால் உரிமம் எடுக்க வேண்டும், மைக்ரோசிப் பொருத்த வேண்டும். முதன்முறை உரிமம் எடுப்பவர்கள் இணையத்தில் இலவசப் பயிற்சி ஒன்றையும் முடிக்க வேண்டும். நாய்க்கு முதன்முறை உரிமம் எடுப்பவர்களுக்கும் அதே பயிற்சி உண்டு.

முயலுக்கு இவற்றில் எதுவுமே இல்லை. உரிமம் இல்லை, மைக்ரோசிப் கட்டாயமில்லை, பயிற்சியும் இல்லை.

உரிமம் என்பது வெறும் தாள் இல்லை. வாங்குவதற்குமுன் ஒருவரை ஒரு நிமிடம் நிறுத்தி, "உண்மையிலேயே முடியுமா?" என்று யோசிக்க வைக்கும் தடுப்பு அது. முயல் வாங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை. நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

பிடிவாதக்காரர்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி இது. முயல் வளர்ப்பதிலும் நம்மில் பலர் இப்படி மூன்று நம்பிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். முயலுக்குக் கேரட் போதும், கூண்டு போதும், சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற பிராணி.

மூன்றுமே தவறு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"கேரட் குடுத்தா போதும்ல?"

போதாது. கார்ட்டூனில் வரும் முயல் கேரட்டைக் கடித்துக்கொண்டே இருக்கும். உண்மையான முயலுக்குக் கேரட் ஒரு மிட்டாய் மாதிரி. அதில் சர்க்கரை அதிகம். எப்போதாவது ஒரு சிறு துண்டு கொடுக்கலாம், அவ்வளவுதான்.

முயலின் முக்கிய உணவு காய்ந்த புல். தினமும் அது சாப்பிடுவதில் சுமார் 80 விழுக்காடு அதுவாகத்தான் இருக்க வேண்டும். கடைகளில் 'டிமொத்தி' புல் என்று கேட்டால் கிடைக்கும். மாட்டுக்குப் போடும் வைக்கோலை இதனுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். வைக்கோல் கதிர் அடித்தபிறகு எஞ்சும் தாள். அதில் சத்து மிகக் குறைவு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு 'அல்ஃபால்ஃபா' புல் கொடுக்கலாம். வளர்ந்த முயலுக்கு அதில் புரதமும் கால்சியமும் அதிகம்.

புல் ஏன் இவ்வளவு முக்கியம்? இரண்டு காரணங்கள்.

முதலாவது, பல். முயலுக்கு மொத்தம் 28 பற்கள். அத்தனையும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர்கூட வளரக்கூடும். மணிக்கணக்கில் புல்லை மென்றால்தான் பற்கள் தேயும். தேயாவிட்டால் கடைவாய்ப் பற்கள் கூராகி நாக்கையும் கன்னத்தையும் குத்தும். வலியில் முயல் சாப்பிடுவதை நிறுத்திவிடும்.

இரண்டாவது, குடல். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். நார்ச்சத்துதான் அதை ஓட வைக்கும். அது நின்றால் என்ன ஆகும் என்பதைச் சற்றுப் பிறகு பார்ப்போம்.

புல்லோடு தினமும் கொஞ்சம் பச்சை இலை கொடுக்கலாம். கொத்தமல்லி, புதினா, சியாவ் பைசாய், ரொமெய்ன் கீரை எல்லாம் சந்தையிலேயே கிடைக்கும். 'பெல்லட்' எனப்படும் உருண்டைத் தீவனம் எடைக்கு ஏற்ப ஓரிரு மேசைக்கரண்டி போதும். கிண்ணம் நிறையப் பெல்லட் கொட்டி வைத்தால் முயல் புல்லைத் தொடாது. பிரியாணி இருக்கும்போது நாம் கஞ்சியைத் தொடுவோமா?

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகாடோ, சாக்லேட் இவை கூடவே கூடாது. பாட்டி அன்பாக நீட்டும் முறுக்கும் பிஸ்கட்டும் சோறும் அந்தப் பட்டியலில்தான். வீட்டில் எல்லாரிடமும் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினால் இன்னும் நல்லது.

இன்னொன்று: வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ தும்மலோ இருந்தால், முயல் வாங்குவதற்குமுன் காய்ந்த புல்லை வீட்டில் கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள். முயலின் ரோமத்தால் ஒன்றும் ஆகாத சிலருக்குப் புல்லின் தூசு ஒவ்வாது.

"கூண்டுல வெச்சா போதும்ல?"

ஓடவும் குதிக்கவும் தோண்டவும் பிறந்த விலங்கு முயல். நாள் முழுக்கக் கூண்டில் இருந்தால் தசை தளரும், எடை கூடும், கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். கூண்டின் அடிப்பாகம் கம்பி வலையாக இருந்தால் பாதத்தில் புண் வரும். நாய், பூனைக்கு இருப்பதுபோல் முயலின் பாதத்தில் மெத்தென்ற திண்டு கிடையாது. வெறும் ரோமம்தான்.

பெரிய வீடு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மடக்கு வேலி ஒன்றை வாங்கி வரவேற்பறையில் ஓர் இடத்தை ஒதுக்கலாம். தரையில் பாய் விரிக்கலாம், வழுக்காது. தினமும் சில மணி நேரம் வேலிக்கு வெளியே விடுங்கள். முயல் அதிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் அதிகச் சுறுசுறுப்பாக இருக்கும். பள்ளிக்கும் வேலைக்கும் போய் வருபவர்களுக்கு அது வசதிதான்.

வெளியே விடுமுன் மின்கம்பிகளை மறைத்துவிடுங்கள். தொலைபேசி சார்ஜர், மடிக்கணினிக் கம்பி, மின்விசிறிக் கம்பி எல்லாம் முயலின் கண்ணுக்கு வேர்களாகத்தான் தெரியும். 'டக்' என்று ஒரே கடி. கம்பி போனால் வாங்கிக்கொள்ளலாம். அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால்?

கழிப்பிடப் பழக்கத்தை முயலுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அது வழக்கமாகச் சிறுநீர் கழிக்கும் மூலையில் ஒரு தட்டை வையுங்கள். பக்கத்திலேயே புல்லை வையுங்கள். சாப்பிட்டுக்கொண்டே புழுக்கை போடுவது முயலின் வழக்கம். பூனைக்கான, நீர் பட்டால் கட்டியாகும் மணலை மட்டும் பயன்படுத்தாதீர்கள். விழுங்கினால் குடலை அடைத்துவிடும்.

குளிப்பாட்டலாமா? கூடாது. முயல் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். நீரில் முக்கினால் பயத்திலேயே அதிர்ச்சி ஏற்பட்டு உயிர் போகும் ஆபத்து உண்டு.

"சின்னப் பசங்களுக்கு நல்ல பிராணிதானே?"

பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கிறது. கட்டிப்பிடிக்கத் தோன்றுகிறது. ஆனால் பெரும்பாலான முயல்களுக்குத் தூக்கினாலே பிடிக்காது.

காரணம் எளிது. இயற்கையில் முயல் மற்ற விலங்குகளுக்கு இரை. அதைத் தரையிலிருந்து தூக்குவது கழுகும் நரியும்தான். நாம் ஆசையோடு தூக்கினாலும் அதன் மூளை, "மாட்டிக்கிட்டோம்!" என்றுதான் அலறும். பின்னங்காலால் பலமாக உதைக்கும். முயலின் எலும்புகள் மிக லேசானவை, பின்னங்கால் தசைகளோ மிக வலியவை. தவறாகப் பிடித்திருக்கும்போது அது உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம். காதைப் பிடித்துத் தூக்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

தரையில் உட்காருங்கள். முயல் தானாக வரட்டும். நெற்றியை மெதுவாக வருடுங்கள். பிள்ளைகளுக்கும் இதையே பழக்குங்கள். தட்டைக் கழுவுவதும் புல் வைப்பதும் பிள்ளையின் வேலையாக இருக்கலாம். பொறுப்பு மட்டும் பெரியவர்களுடையதாக இருக்க வேண்டும்.

முயலுக்கும் மொழி உண்டு. பின்னங்காலால் தரையில் 'தொம்' என்று தட்டினால் எச்சரிக்கை அல்லது கோபம். காற்றில் எகிறி உடலை முறுக்கிக் குதித்தால் மகிழ்ச்சி. பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து படுத்தால், "இங்க எனக்குப் பயமில்ல" என்று பொருள். முதன்முறை பார்ப்பவர்கள் செத்துவிட்டதோ என்று பதறிப்போவதும் உண்டு!

பதற வைக்கும் இன்னும் இரண்டு விஷயங்கள்: முயல் தன் கழிவில் ஒரு வகையைத் தானே சாப்பிடும். திராட்சைக் கொத்துபோல் மென்மையாக இருக்கும் அதில் சத்து உண்டு. சாப்பிடுவதுதான் ஆரோக்கியம், தடுக்காதீர்கள். சில நாள்களில் சிறுநீர் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் வரலாம். பெரும்பாலும் அது சாப்பிட்ட இலையின் நிறம். ஆனால் சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ ரத்தமோ என்று சந்தேகமாக இருந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சிங்கப்பூர் வெயில் தாங்குமா?

இன்று உலகமெங்கும் வீடுகளில் வளரும் முயல்களின் மூதாதை ஐரோப்பியக் காட்டு முயல். அது நிலத்தடி வளையில் வாழும் விலங்கு. வெளியே சூடாக இருந்தாலும் வளைக்குள் குளுமையாக இருக்கும். சுமார் 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைதான் அதற்கு இதமானது.

நம் ஊரில் பிற்பகல் வெப்பநிலை சாதாரணமாகவே 31, 32 டிகிரி. அதோடு ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது. நாயைப்போல் நாக்கை நீட்டி இளைத்தும் சூட்டைத் திறமையாகத் தணிக்க முடியாது. காதுகளில் ஓடும் ரத்தத்தின் வழியாகத்தான் பெரும்பாலும் உடல் சூட்டை வெளியேற்றும்.

அதனால் வெயில் அடிக்கும் சர்வீஸ் யார்டும் வீட்டுக்கு வெளியே உள்ள நடைபாதையும் முயலுக்கு ஏற்ற இடமில்லை. வீட்டின் ஆகக் குளுமையான அறையைக் கொடுங்கள். மின்விசிறி ஓடட்டும். தரையில் பளிங்குக் கல் அல்லது ஓடு ஒன்றைப் போட்டால் அதன்மேல் படுத்துக்கொள்ளும். நீர்ப்புட்டியை உறைய வைத்துத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். கொளுத்தும் நாளில் குளிரூட்டி தேவைப்படலாம். அந்த மின்கட்டணத்தையும் சேர்த்துத்தான் செலவுக் கணக்குப் போட வேண்டும்.

மூச்சு வேகமாக வாங்குகிறதா, மூக்கைச் சுற்றி ஈரமா, எச்சில் வடிகிறதா, சோர்ந்து கிடக்கிறதா? வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே குளுமையான இடத்துக்கு மாற்றுங்கள். காதுகளைச் சாதாரண நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். ஐஸ் நீர் வேண்டாம், நீரில் முக்கவும் வேண்டாம். துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் புறப்படுங்கள்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடா? முயலின் சுவாசக் குழாய் மென்மையானது. புகை போடும் நேரத்தில் அதை வேறோர் அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்திவிடுங்கள்.

12 மணி நேரம்: நினைவில் வைக்க வேண்டிய எண்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்.

முயல் 12 மணி நேரம் சாப்பிடாவிட்டால், புழுக்கை போடாவிட்டால், அது அவசரநிலை. "காலைல பாத்துக்கலாம்" என்று விட முடியாது.

வலி, பயம், வெப்பம், பல் கோளாறு, நார்ச்சத்துக் குறைவு... காரணம் எதுவாக இருந்தாலும் முயல் சாப்பிடுவதை நிறுத்தினால் அதன் குடல் மெதுவாகும், பிறகு நின்றே போகும். வயிற்றில் வாயு சேரும். வலி கூடும். வலியால் இன்னும் சாப்பிடாது. இந்தச் சுழலில் ஒன்றிரண்டு நாளில் உயிரே போகலாம். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

இதில் கொடுமை என்னவென்றால், முயல் நோயை மறைக்கும். இயற்கையில் சோர்ந்து நிற்கும் முயலைத்தான் வேட்டை விலங்கு முதலில் பிடிக்கும். அதனால் வலித்தாலும் கத்தாது. ஒரு மூலையில் கூனிக் குறுகி உட்காரும், கண்ணைப் பாதி மூடியிருக்கும், பல்லைச் சத்தமாக நறநறவென்று கடிக்கும். "இன்னிக்கு ரொம்ப அமைதியா இருக்கே" என்று நாம் நினைக்கும் நாள்தான் அது உதவி கேட்கும் நாளாக இருக்கலாம்.

எனவே தினமும் காலையும் மாலையும் இரண்டு கேள்விகள்: சாப்பிட்டதா? புழுக்கை போட்டதா? வழக்கமான அளவில், உருண்டையாக இருக்கிறதா? அரை நிமிட வேலை. அதுதான் பல முயல்களின் உயிரைக் காப்பாற்றும் வேலை.

எல்லா விலங்கு மருந்தகங்களிலும் முயலுக்குச் சிகிச்சை தருவதில்லை. நாய், பூனை அல்லாத பிராணிகளைப் பார்க்கும் அனுபவம் அதற்குத் தேவை. முயல் வாங்குவதற்குமுன்பே அப்படிப்பட்ட மருந்தகம் ஒன்றையும் இரவில் திறந்திருக்கும் மருந்தகம் ஒன்றையும் கண்டுபிடித்து எண்ணைக் கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அறுவைச் சிகிச்சைக்கு முந்தின ராத்திரி முயலுக்குச் சாப்பாடு குடுக்கலாமா?" நாய், பூனையைப்போல் இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னால், முயல்களோடு அவர்களுக்கு எவ்வளவு பழக்கம் என்று மேலும் விசாரியுங்கள்.

வீட்டில் இருக்கும் மருந்தைக் கொடுக்கவே கூடாது. நாய், பூனைகளின் உண்ணிக்குப் போடும் 'ஃபிப்ரோனில்' மருந்து முயலுக்கு விஷம். மனிதர்கள் சாதாரணமாகச் சாப்பிடும் 'அமாக்சிசிலின்' மாத்திரை முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து அதன் உயிரையே பறிக்கலாம்.

தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். முயல்களைத் தாக்கும் கொடிய ரத்தக்கசிவுக் கிருமித்தொற்று 2020 செப்டம்பரில் முதன்முறையாகச் சிங்கப்பூரில் கண்டறியப்பட்டது. மனிதர்களுக்கு அது தொற்றாது. ஆனால் முயல்களிடையே வேகமாகப் பரவும். ஈக்கள், காலணி, கூண்டு, தீவனம் வழியாகவும் வரலாம். முந்தின நாள் வரை நன்றாக இருந்த முயல் திடீரென இறந்துபோகும். வீட்டை விட்டு வெளியே போகாத முயல் என்பதால் பாதுகாப்பு என்று இருந்துவிட முடியாது.

ஒன்று வாங்கினோம், ஏழு ஆயிற்று

முயல் கூட்டமாக வாழும் விலங்கு. துணை இருந்தால் நல்லதுதான். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி ஒரே கூண்டில் போட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: சண்டை, இல்லாவிட்டால் குட்டி.

சிறு வயதில் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது கடினம். "ரெண்டுமே பொண்ணுதான்" என்று சொல்லி வாங்கியவை சில மாதங்களில் ஜோடியாகிவிடலாம். முயலின் கர்ப்பக் காலம் ஏறக்குறைய 31 நாள். குட்டி போட்ட உடனேயே அது மறுபடியும் சினையாக முடியும். ஓர் ஈட்டில் ஐந்தாறு குட்டிகள் சாதாரணம். மூவறை வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்!

இதற்குத் தீர்வு கருத்தடை அறுவைச் சிகிச்சை. பெண் முயலுக்கு அது இன்னும் முக்கியம். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் அபாயம் மிக அதிகம். ஆண் முயல்கள் வீடெங்கும் சிறுநீர் பீய்ச்சுவதும் முரட்டுத்தனமும் கருத்தடைக்குப் பிறகு பெரும்பாலும் குறையும். ஆனால் அறுவைச் சிகிச்சை முடிந்தும் ஆண் முயலுக்குச் சில வாரங்கள் வரை சினைப்படுத்தும் திறன் இருக்கும். அதுவரை தனியாக வையுங்கள்.

இந்தச் சிகிச்சைக்கான செலவு முயலின் விலையையே தாண்டக்கூடும். "முயல் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு வாங்குபவர்களுக்கு இதுதான் முதல் அதிர்ச்சி.

பத்து ஆண்டுகளுக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும்.

உயர்நிலை ஒன்றில் படிக்கும்போது ஒரு முயல் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தேர்வுகள், தொடக்கக் கல்லூரி அல்லது பலதுறைத் தொழிற்கல்லூரி, ஆண் பிள்ளை என்றால் தேசியச் சேவை, பல்கலைக்கழகம், முதல் வேலை. அத்தனைக்கும் அந்த முயல் உங்களோடு இருக்கும். முகாமில் இருக்கும் இரவுகளில் யார் புல் வைப்பது? தீபாவளிக்கு முந்தின வாரம் குடும்பத்தோடு ஊருக்குப் போனால்? திருமணமாகிப் போகும் வீட்டில் முயலைப் பிடிக்காவிட்டால்? இவை பிறகு யோசிக்கும் கேள்விகள் இல்லை.

சீன நாள்காட்டியில் முயல் ஆண்டு 2023 ஜனவரியில் பிறந்தது. அடுத்த முயல் ஆண்டு 2035இல்தான் வரும். 2023இல் அழகுக்காக வாங்கிய குட்டி, நல்லபடியாக வளர்ந்தால், அடுத்த முயல் ஆண்டைக்கூட எட்டிப் பார்க்கலாம். வாங்கியவரின் ஆர்வம் அவ்வளவு தூரம் வருமா?

"பார்க்ல விட்டா பொழச்சுக்கும்"

பிழைக்காது. ஆர்வம் குறைந்ததும் சிலர் தேடும் குறுக்குவழி இது. புளோக்கின் கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போவது, பூங்காவில் இறக்கிவிடுவது. புல் இருக்கிறது, மரம் இருக்கிறது, முயல் காட்டு விலங்குதானே என்ற நினைப்பு.

நம் பழமொழிகளிலும் ஆமை-முயல் கதையிலும் வரும் முயலை நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டு வயல்வெளியில் ஓடுவது இந்தியக் காட்டு முயல். அது வேறோர் இனம். திறந்தவெளியில் ஓடிப் பிழைக்கப் பிறந்தது. நம் வீட்டு முயலோ தலைமுறை தலைமுறையாக மனிதர் கையில் வளர்ந்தது. வெள்ளை நிறமும் தொங்கும் காதும் பூங்காவில் அதைக் காட்டிக்கொடுக்கும். மலைப்பாம்பும் உடும்பும் நடமாடும் இடத்தில், கொதிக்கும் வெயிலில், அது எத்தனை நாள் தாங்கும்?

சட்டமும் சும்மா விடாது. செல்லப்பிராணியைக் கைவிடுவது சிங்கப்பூரில் குற்றம். குற்றம் நிரூபிக்கப்பட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உரிமம் தேவையில்லாத முயலுக்கும் இது பொருந்தும்.

ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. மைக்ரோசிப் பொருத்திய நாய் கைவிடப்பட்டால் உரிமையாளரைத் தேடிப் பிடிக்கலாம். பூனைக்கும் இனி அந்த வழி உண்டு. எந்தப் பதிவும் இல்லாத முயல் யாருடையது என்று எப்படிச் சொல்வது? சட்டத்தில் தண்டனை இருக்கிறது, தண்டனையைக் கொண்டுசேர்க்க முகவரி இல்லை.

உண்மையாகவே வளர்க்க முடியாத நிலை வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விலங்குவதைத் தடுப்புச் சங்கமும் முயல்களுக்காகவே இயங்கும் தொண்டூழியக் குழுக்களும் இருக்கின்றன. அவர்களிடம் பேசுங்கள். இடம் உடனே கிடைக்காமல் போகலாம், காத்திருக்க வேண்டியிருக்கலாம். நீங்களே நல்ல குடும்பம் ஒன்றைத் தேடலாம். அதுவரை பார்த்துக்கொள்வது உங்கள் கடமை.

முயலுக்கும் உரிமம் வந்தால்?

நியாயமான கேள்வி. உரிமமும் மைக்ரோசிப்பும் வந்தால் அவசரத்தில் வாங்குவது குறையும், கைவிடுவோரைக் கண்டுபிடிப்பதும் எளிதாகும் என்பது ஒரு வாதம்.

மறுபக்கமும் உண்டு. நாயும் பூனையும் வெளியே போகும். அண்டை வீட்டாருக்குத் தொல்லை, தெருவில் பெருக்கம் என்று அவற்றால் பொது இடத்தில் பிரச்சினை வரலாம். முயல் பெரும்பாலும் நான்கு சுவருக்குள் இருக்கிறது. அதற்கும் உரிமம் என்றால் வெள்ளெலிக்கும் வேண்டுமா, எங்கே கோடு போடுவது என்ற கேள்வி எழும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நாய், பூனை வளர்ப்போருக்குக் கட்டாயமான இலவச இணையப் பயிற்சியைப்போல் முயலுக்கும் ஒன்று வைத்து, கடையில் பணம் கட்டுவதற்குமுன் அதை முடிக்கச் சொல்லலாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்கப் பொறுமை இல்லாதவர், பத்து ஆண்டுகள் தினமும் தட்டைக் கழுவப்போவதில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அப்படி ஒன்று வரும் வரை அந்தப் பயிற்சியை நமக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாங்குமுன் ஒரு சின்னப் பரிசோதனை

- வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா? "பரவால்ல" என்பது சம்மதமில்லை.
- பிற்பகல் இரண்டு மணிக்கு முயல் இருக்கப்போகும் இடத்தில் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்கே புழுக்கமாக இருந்தால் ரோமப் போர்வை போர்த்திய முயலுக்கு எப்படி இருக்கும்?
- முயலைப் பார்க்கும் மருந்தகத்தின் எண் கையில் இருக்கிறதா? இரவு நேரத்துக்கும் ஒன்று?
- புல், பெல்லட், தடுப்பூசி, கருத்தடை, திடீர் மருத்துவச் செலவு... இவற்றுக்குப் பணம் ஒதுக்க முடியுமா?
- வெளியூர் போனால் பார்த்துக்கொள்ள யார்? பெயர் சொல்ல முடியுமா?
- கடைக்குப் போகுமுன் தத்தெடுப்பதைப் பற்றி யோசித்தீர்களா? வளர்ந்த முயலின் குணம் முன்பே தெரியும். பல முயல்களுக்குக் கருத்தடையும் முடிந்திருக்கும்.

இன்னும் தயக்கமா? மீட்கப்பட்ட முயலைத் தற்காலிகமாகச் சில வாரங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று தொண்டூழியக் குழுக்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் உங்களுக்கும் தெரிந்துவிடும், அந்த முயலுக்கும் இழப்பில்லை.

எல்லாக் கேள்விக்கும் "ஆம்" என்று பதில் வந்தால், தாராளமாக வளருங்கள். காலையில் நீங்கள் புல்லோடு வரும் காலடிச் சத்தம் கேட்டு வேலிக்கு அருகே ஓடி வந்து நிற்கும். இரவில் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் காலருகே பொத்தென்று சாய்ந்து படுக்கும். எதைக் கண்டாலும் அஞ்சும் ஒரு விலங்கு உங்களைக் கண்டு அஞ்சாமல் இருக்கப் பல மாதங்கள் பிடிக்கலாம். காத்திருந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஏதாவது ஒரு கேள்விக்கு "தெரியல" என்று பதில் வந்தால்? இப்போதைக்கு வேண்டாம். அதுவும் முயலுக்குச் செய்யும் நல்லதுதான்.